நிரந்தரம் ஆயிடுச்சா?

கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 85 வயது தாண்டிவிட்டது. வீட்டுப் பிள்ளைகள் யாருக்காவது வேலை கிடைத்தது என்று சொன்னால், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்றெல்லாம் கேட்க மாட்டார். அவருடைய முதல் கேள்வி, "நிரந்தரமா?" என்பதுதான்.

சின்ன வயதில் எனக்கு இது வேடிக்கையாக இருக்கும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்கு அரசாங்க வேலை என்றாலே நிரந்தரம்தான். அப்பா காலையில் ரயில்வே வேலைக்குப் போவார், மாதக் கடைசியில் சம்பளம் வரும், வயதானால் பென்ஷன் வரும். இதில் கேட்க என்ன இருக்கிறது?

பெரியம்மாவுக்கு இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அவர் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அரசாங்க வேலையில் இருக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் நிரந்தரப் பதவி போய்விடும். அதற்குப் பிறகு மாதத்துக்கு மாதம் நீட்டிக்கப்படும் தற்காலிக ஊழியராகத்தான் தொடர முடியும். சம்பளமும் அப்படித்தான். அதே தகுதி, அதே பாடம் என்றாலும் ஆண் ஆசிரியரைவிடப் பெண் ஆசிரியைக்குக் குறைவு.

அதனால் பெரியம்மா தன் கல்யாணத்தை இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். அதற்கு மேல் தாத்தா ஒப்புக்கொள்ளவில்லை. "பள்ளிக்கூடத்துல கல்யாணப் பத்திரிகையக் குடுத்தேன், அதோட என் பென்ஷனையும் குடுத்துட்டு வந்தேன்" என்று இன்றும் சொல்வார்.

அவர் சேர்ந்தது பெண் ஆசிரியர்களுக்காக 1960-இல் தொடங்கப்பட்ட சங்கத்தில். அதன் தொடக்க காலத் தலைவர் ராசம்மா பூபாலன். 16 வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா போர்முனைவரை போனவர். திரும்பி வந்து ஆசிரியையானவர், அடுத்து எடுத்துக்கொண்ட போராட்டம் சம ஊதியம். 1963-இல் அமைந்த தேசிய மாதர் சங்கங்களின் மன்றமும் அந்தக் கோரிக்கைக்குக் குரல் கொடுத்தது. தமிழ், மலாய், சீனம் என்று பேதம் பார்க்காமல் பெண்கள் மனு கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள். 1969-இல் அரசாங்கம் சம ஊதியத்துக்கு இணங்கியது. கல்யாணமான பெண்களுக்கும் நிரந்தரப் பதவியின் கதவு திறந்தது.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1990-களில் நான் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். தகுதிகாண் காலம் முடிந்து பதவி உறுதிக் கடிதம் வந்ததை மேசை அறையில் போட்டுவிட்டு மறந்துபோனேன். கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது. சம்பளத்தோடு விடுப்பு எடுத்தேன், அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

1998 பொருளாதார நெருக்கடியில் என் கணவர் வேலை பார்த்த தனியார் நிறுவனம் மூடப்பட்டது. ஏழு மாதம் அவருக்கு வேலை இல்லை. வீட்டுத் தவணை, மகளுக்குப் பால் மாவு, மாமியாருக்கு மருந்து எல்லாவற்றையும் என் குமாஸ்தா சம்பளம்தான் தாங்கியது. அந்தக் கடிதத்தை அப்போதுதான் வெளியே எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன்.

அந்த மகள் இன்று மருத்துவர். வேலை ஓர் அரசாங்க மருத்துவமனையில். செய்தி சொல்லக் கிள்ளானுக்குப் போனபோது பெரியம்மா வழக்கம்போலக் கேட்டார். "இல்ல பாட்டி, கான்ட்ராக்ட்" என்றாள் மகள்.

2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கிறார்கள். பயிற்சி முடிப்பவர்கள் அதிகம், நிரந்தர இடங்கள் குறைவு என்பது காரணம். 2021 ஜூலை 26-ஆம் தேதி, கோவிட் உச்சத்தில் இருந்தபோது, ஒப்பந்த மருத்துவர்கள் சிறிது நேரம் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதை நாடே பார்த்தது. அதன்பிறகு கட்டம் கட்டமாகப் பலருக்கு நிரந்தரம் கிடைத்தது. என் மகளுக்கு இன்னும் இல்லை.

ஒப்பந்தம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். காகிதத்தில் ஒன்றுதான். ஆனால் நிரந்தரத்துக்குக் காத்திருக்கும் வயதும், கல்யாணம் செய்து பிள்ளை பெறும் வயதும் பெண்ணுக்கு ஒரே நேரத்தில் வருகிறது. 2009-இல் தற்காலிக ஆசிரியையாக நியமனம் பெற்ற நூர்ஃபடிலா என்ற பெண், கர்ப்பமாக இருக்கிறார் என்று தெரிந்ததும் அந்த நியமனம் ரத்தானது. அவர் வழக்குப் போட்டார். அப்படிச் செய்தது அரசியலமைப்புக்கு முரணான பாகுபாடு என்று 2011 ஜூலையில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசியலமைப்பின் 8(2) பிரிவில் 'பாலினம்' என்ற சொல்லை 2001-இல் சேர்த்திருந்தார்கள். அந்தச் சொல் அவருக்குக் கைகொடுத்தது. ஆனாலும் தீர்ப்பு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. எத்தனை பெண்களால் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடியும்?

போன வருடம் மகளுக்கு ஒரு நல்ல வரன் அமைந்தது. பையனுக்கும் அவளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் தேதி குறிக்க உட்கார்ந்தபோது அவள், "நிரந்தரம் ஆகட்டும்மா, அப்புறம் பாக்கலாம். நடுவுல பிள்ள உண்டாகி, நேர்காணலுக்குக் கூப்பிட்டா என்ன பண்றது?" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அரசாங்க வேலையின் பாதுகாப்பைப் பற்றி அவளுக்கு வருடக்கணக்காகப் பாடம் நடத்தியவள் நான்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கிள்ளானுக்கு அழைத்துப் போனேன்.

பெரியம்மா முழுதாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானும் ரெண்டு வருசம் தள்ளிப் போட்டேன். அதனால சட்டம் ஒண்ணும் மாறல. எனக்குத்தான் ரெண்டு வருசம் போச்சு. நாங்க எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து கேட்ட பிறகுதான் மாறுச்சு. நீ கல்யாணத்தையும் பண்ணு, வேலையையும் கேளு."

வரும் தை மாதம் கல்யாணம். மகள் தன் மருத்துவர் சங்கத்துக்குச் சந்தா கட்டிவிட்டாள். ஒப்பந்தக் காலத்தில் பிள்ளை பெற்ற மருத்துவர்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, விடுப்பு, நீட்டிப்பு பற்றி எல்லாம் கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். நிரந்தரப் பதவிக்கு மறுபடியும் விண்ணப்பம் போட்டாயிற்று.

நேற்று பெரியம்மா போன் செய்தார். கல்யாணப் புடவை எடுத்தாச்சா என்று கேட்பார் என நினைத்தேன்.

"நிரந்தரம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்ல பெரியம்மா."

"விடாமக் கேக்கச் சொல்லு."