“பெரியம்மா, இந்த ரசத்துல என்ன போட்டீங்க?”

தாம்பரம் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. ஜவுளிக்கடை வேலை முடிந்து இரவு எட்டரை மணிக்கு வந்த அம்மாவை, மாடி வீட்டு அக்கா வாசலிலேயே நிறுத்தினார். “இன்னிக்கும் ஒண்ணும் சாப்பிடல. தண்ணிகூட அவ பாட்டில்ல இருந்துதான் குடிச்சா.”

மூன்று நாள்களாக இதே கதைதான். பாப்பாவுக்கு ஏழு வயது. பள்ளி விட்டதும் மாடி வீட்டில்தான் இருப்பாள். அந்த அக்கா அவளுக்குப் பெரியம்மா. மூன்று வருடமாக அவர் கையால் சாப்பிட்ட பிள்ளை, இப்போது தட்டைத் தொடவே மாட்டேன் என்கிறாள்.

இது பொங்கல் லீவில் ஆரம்பித்தது. சிவகங்கை பக்கம் அம்மாச்சி வீட்டில் ஒரு சேவல் இருந்தது. நான்கு நாள் அதற்குக் கம்பு போட்டாள், பெயரும் வைத்தாள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அது குழம்பாகிவிட்டது. பாப்பா அழவில்லை. “இனிமே நான் கறி சாப்பிட மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். “ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றார் அம்மாச்சி.

ஆகவில்லை. வாரம் தவறாமல் கறி எடுக்கும் வீட்டில் ஒரு குழந்தை மட்டும் சைவமாக இருப்பது, ஒரு குடும்பமே சைவமாக இருப்பதைவிடச் சிரமம். மாடி வீட்டு அக்காவும் முடிந்ததைச் செய்தார். கறித்துண்டுகளை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றுவார். “அதான் எடுத்துட்டேனே கண்ணு!” நம் ஊரில் முக்கால்வாசி பேருக்குச் சைவம் என்றால் இவ்வளவுதான். பாப்பா தயிர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவாள்.

மாசிப் பனியில் சளி பிடித்தது. பிள்ளை இளைத்துவிட்டாளே என்ற பயத்தில் அம்மா, “ஆட்டுக்கால் சூப்பை ரசத்துல கலந்து குடுங்கக்கா, தெரியவா போகுது” என்றார். இரண்டாவது வாயிலேயே ஒரு எலும்புத் துணுக்கு பல்லில் பட்டது. “பெரியம்மா, இந்த ரசத்துல என்ன போட்டீங்க?” அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். பழி அவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்துதான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

மூன்றாம் நாள் இரவு, பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அம்மா சொல்லிவிட்டார். “பெரியம்மா மேல தப்பில்ல. நான்தான் கலக்கச் சொன்னேன்.” பாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள், “வேற எதுல எல்லாம் கலந்தீங்க?”

அந்தக் கேள்வி அம்மாவைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் குழந்தை மருத்துவர் எடையைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். பால், தயிர் தினமும் இருக்கட்டும். பி12 சத்துக்கு அதுதான் வழி. பருப்பு, சுண்டல், வேர்க்கடலை நிறைய கொடுங்கள். கீரையோ பயறோ சாப்பிடும்போது கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். அவ்வளவுதான். இதற்கா ஆட்டுக்கால்!

பள்ளியில் சிக்கல் வேறு மாதிரி. தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை வந்தது 1989-ல். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் என்றால் பழத்தில் ஒரு கிராம் சொச்சம்தான். அதனால் ஒரு சின்ன டப்பாவில் வேர்க்கடலை கொடுத்தனுப்பினால் போதும். ஆனால், பரிமாற வசதியாக இருக்கட்டும் என்று பழம் வாங்கும் நான்கைந்து பிள்ளைகளைத் தனி வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். ஒருநாள் பாப்பா கேட்டாள், “அம்மா, நாம என்ன ஆளுங்க? பக்கத்துல இருந்த அண்ணன் கேட்டான்.”

தட்டில் பழம் இருந்தால் சாதியைக் கேட்கும் ஊர் இது. அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு டீச்சரைப் பார்க்கப் போனார். சேவல் கதையைக் கேட்டு டீச்சர் சிரித்தார். தனி வரிசை விஷயத்துக்குச் சிரிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து எல்லோரும் ஒரே வரிசை. முட்டையோ பழமோ, உட்கார்ந்த இடத்துக்கே வந்தது. டீச்சரிடமும் ஒரு குறை இருந்தது. பக்கத்துப் பிள்ளை முட்டை சாப்பிடும்போது பாப்பா மூக்கைப் பொத்துகிறாளாம். அன்று வீட்டில் அதற்குத் தனிப் பஞ்சாயத்து. “உனக்கு வேணாம்னா வேணாம். அடுத்தவங்க தட்டைப் பாத்து ‘சீ’ சொல்லக் கூடாது.”

பிறகு அம்மாவும் மகளும் சேர்ந்து டீச்சருக்கு ஒன்று, பெரியம்மாவுக்கு ஒன்று என இரண்டு தாள் எழுதினார்கள். வெறுமனே ‘சைவம்’ என்று எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் எடுப்பார்கள் என்று இப்போது தெரிந்திருந்தது. பால், தயிர், நெய் சாப்பிடுவாள். கறி, மீன், கருவாடு வேண்டாம். அந்தக் குழம்பும் வேண்டாம். அதில் போட்ட கரண்டியும் வேண்டாம். ஜெல்லி மிட்டாயில் போடும் ஜெலட்டின் விலங்குத் தோல், எலும்பிலிருந்து வருவது என்பதால், பிறந்தநாளுக்கு யாராவது மிட்டாய் கொடுத்தால் கவரில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுப்பு முக்கோணம் இருந்தால் அவளே திருப்பிக் கொடுத்துவிடுவாள், வற்புறுத்த வேண்டாம். முட்டை வேண்டாம், கேக் பரவாயில்லை. கேக்கில் முட்டை இருக்கிறதே என்று அம்மா கேட்டதற்கு, “அது தெரியலல்ல” என்றாள். பெரிய சைவர்களிடமே இந்த நியாயம் உண்டு. ஏழு வயதிடம் என்ன வாதாடுவது? அப்படியே எழுதினார்.

கடைசி வரியைப் பாப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதினார்: ‘தெரியாம கலந்துட்டா எங்கிட்ட சொல்லிடுங்க. திட்ட மாட்டேன்.’

அன்று சாயங்காலம் பெரியம்மா அடுப்படியில் இருந்து கூப்பிட்டார். “பாப்பா, வந்து நீயே பாத்துக்க.” மூடியைத் திறந்து பிடித்தார். பாப்பா எட்டிப் பார்த்தாள்; கரண்டியை விட்டு அடிவரைக்கும் ஒருமுறை கலக்கினாள்; முகர்ந்தாள். வெறும் தக்காளி ரசம். தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

இரண்டாம் முறையும் சோறு கேட்டாள். அது ரசத்துக்காக இல்லை, அப்பளம் இன்னும் மிச்சம் இருந்தது.