கொள்கலனும் கொள்ளளவும்

2012ஆம் ஆண்டில் நம் தமிழ்த்துறைக் கணிப்பொறி மிகவும் தளர்ந்து இயங்கிற்று. முன்னாள் மாணவர்கள் மனமுவந்து அளித்த தொகையைக் கொண்டு 4 ஜி.பி. நினைவகத் துண்டுகள் இரண்டினை வாங்கிப் பொருத்தினோம். 8 ஜி.பி.யை எதிர்நோக்கிய நமக்குத் திரை காட்டியதோ 3.25 ஜி.பி. மட்டுமே! கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என ஐயுற்றுக் கடுஞ்சொல்லும் கூறிவிட்டோம்.

பிழை அவருடையதன்று. அக்கணிப்பொறியில் இருந்தது 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி. 2001இல் வெளிவந்த இயக்க அமைப்பு. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி வேண்டும். 32 இரும இலக்கங்களால் அமையும் முகவரிகள் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. அஃதாவது 4 ஜி.பி. அவற்றுள்ளும் ஒரு பகுதியைத் திரைக்காட்சி அட்டை முதலிய உறுப்புகள் தமக்கென எடுத்துக்கொள்கின்றன. முகவரியற்ற வீட்டிற்கு மடல் சென்று சேர்வது எங்ஙனம்?

இந்நிலை புதிதுமன்று. 1981இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியின் 8088 செயலிக்கு 20 முகவரி இலக்கங்களே. எனவே எல்லை 1 எம்.பி. அதிலும் டாஸ் நிரல்களுக்குக் கிட்டியது 640 கே.பி.

பொதுப்பணம் அமானிதம் அன்றோ? கேட்டறியாமல் செலவிட்டது நம் குற்றமே. ஒரு துண்டைக் கழற்றி, நூலகத்தின் 64 பிட் கணிப்பொறிக்கு அளித்தோம். கடைக்காரரிடம் நேரிற் சென்று பொறுத்தருள வேண்டினோம். அவர் தேநீர் வரவழைத்தார்.

அன்றுமுதல், பாடம் மனத்தில் தங்கவில்லை என்று மாணவரைக் கடிவதில்லை; அது சென்றுசேரும் வழி உண்டா என்றே முதலில் நோக்குகிறோம்.