ஞாயிற்றுக்கிழமைத் துபாய்

கூட வேலை செய்யும் நண்பர் சனி, ஞாயிறு குடும்பத்தோடு துபாய் போய்வந்தார். 828 மீட்டர் உயர புர்ஜ் கலீபாவைப் படத்தில் பார்த்ததிலிருந்து என் பிள்ளைகளும் நச்சரிக்கிறார்கள்.

எனக்குத் துபாய் ரங்கூனில், எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட்டிலேயே இருந்தது. ஞாயிறுகளில் அப்பா 1906இல் திறந்த மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போவார். பிறகு கண்டோஜி ஏரி. அங்கே கரவெய்க், பொன் பறவைகள் சுமக்கும் அரச படகு போன்ற மண்டபம். மிதக்கிறது என்றே நம்பியிருந்தேன். 1974இல் கட்டி முடித்த கொங்கிரீட் என்று அப்பா சொன்னதும் அழுதுவிட்டேன். உள்ளே சாப்பிட வசதியில்லை. கரையில் அம்மாவின் புளிச்சோறுதான்.

2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு வெளியேறினோம். என் அகதிப் பயணப் பத்திரத்தில் மியன்மார் மட்டும் போக முடியாது. துபாய்க்கு விசா கேட்டுப் பார்க்கலாம். (புதிதாக வந்தவர்களே, டிக்கெட் எடுக்குமுன் விசாவை விசாரியுங்கள்.)

கரவெய்க்கைப் பிள்ளைகளுக்குப் படத்தில் காட்டினேன். "இதில் ஏறிப் போகலாமா, அப்பா?" என்றாள் சின்னவள். மிதக்காது என்று இன்னும் சொல்லவில்லை.