செக்குபந்தி

திருவாரூர் வடக்கு வீதியை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் வீடு. தாத்தா வாங்கியது. அதற்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்டால் அப்பா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "யாரோ ஒரு அம்மா வித்தாங்க."

அந்த அம்மாவைத் தேடித்தான் போன வருஷம் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கிரயப் பத்திரம் மடிப்பு மடிப்பாகப் பொடிந்திருந்தது. எழுதிய வருஷம் 1948; சுதந்திரம் வந்தும் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள் தீரவில்லை. நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று மண்ணுக்குள் கிடக்கும் புதையல் வரை தாத்தாவுக்கு எழுதிக்கொடுத்திருந்தது. அடியில் விற்றவரின் கையெழுத்து. பெண்கள் பெரும்பாலும் கைநாட்டு வைத்த காலத்தில், ஒரு சுழி பிசகாமல், மணிமணியாக.

மூலப்பத்திரம் இல்லை. வில்லங்கச் சான்று கம்ப்யூட்டரில் சில பத்தாண்டுகளோடு நின்றுவிடும். அதற்கு முந்தியதைப் பழைய அட்டவணைப் புத்தகங்களில் கையால்தான் தேடவேண்டும். அலைந்து ஓய்ந்து, பத்திரம் எழுதியே தலை நரைத்த ஒரு பெரியவரிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"தம்பி, உங்க பத்திரத்தையே பாத்துக்கிட்டிருந்தா ஒண்ணும் வராது. பக்கத்து வீட்டுப் பத்திரத்துல செக்குபந்தி பாருங்க."

செக்குபந்தி என்றால் நான்கெல்லை. இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் கொல்லைக்கு வடக்கு என்று வரும். சோழர் கல்வெட்டிலும் நிலத்துக்கு இதே பாணியில்தான் எல்லை சொல்லியிருக்கும். ராஜ்யங்கள் மாறியும் இந்த நடை மட்டும் அசையவில்லை.

கீழண்டை வீட்டில் இரண்டு பழைய பத்திரங்கள் இருந்தன. இரண்டிலும் மேற்கு எல்லை எங்கள் வீடு. ஒன்றில் ஒரு பெண் பெயர். இன்னும் பழையதில் வேறொரு பெண் பெயர், முன்னால் 'தாசி' என்ற அடைமொழியோடு. அப்புறம்தான் எங்கள் பத்திரத்தின் முதல் வரி உறைத்தது. கையெழுத்துப் போட்டவர் இன்னார் பெண்சாதி இல்லை, இன்னார் குமாரத்தி. அந்த இன்னாரும் ஒரு பெண். பாட்டி, அம்மா, மகள். நூறு வருஷத்துக்கு அருகில் இந்த வீட்டுக்கு ஆண் சொந்தக்காரரே இல்லை.

மற்ற வீடுகளில் விதவைக்கு 1956 வரை ஆயுள் பாத்தியம்தான். நினைத்தபடி விற்க முடியாது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டிய பெண்களுக்கோ சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போனது. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. அடுத்த வருஷமே எங்கள் கிரயம். அதனால்தான் விற்றார் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். பத்திரத்தில் இருப்பது 'குடும்பச் செலவுக்காக' என்ற வழக்கமான வார்த்தைதான்.

இந்த ஊரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகளுக்கு நினைவு இல்லங்கள் உண்டு. தியாகராஜர் திருவையாற்றுக்குப் போனார், சியாமா சாஸ்திரிகள் தஞ்சைக்கு, முத்துசுவாமி தீட்சிதர் கடைசியில் எட்டயபுரத்துக்கு. அவர்கள் போனபிறகு அந்த வீடுகளில் விளக்கேற்றியது யார் என்று யாரும் கேட்பதில்லை. தீட்சிதரின் சிஷ்யை, ஆடல் மகளிரில் ஒருவரான கமலம், இதே ஊர்க்காரர். அவர் வீடு எது என்று கேட்டுப் பார்த்தேன், காட்ட ஆளில்லை.

எங்கள் கூடம் மட்டும் தேவைக்கு மேல் பெரிது. ஆடிய தரை என்று எண்ணிக்கொள்ள ஆசைதான். ஆனால் இப்போதிருப்பது பாட்டி காலத்தில் பூசிய சிமெண்ட்.

அப்பாவிடம் மூன்று பெயர்களையும் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை.

"எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். தேர் பார்க்க வந்துச்சு அந்த அம்மா. திண்ணையிலதான் உக்காந்துச்சு, எவ்வளவு கூப்பிட்டும் உள்ள வரல. ஆத்தா செம்புல தண்ணி கொண்டாந்தாங்க. வாங்கலியே. 'குழாய்த் தண்ணியா? நம்ம கிணத்துத் தண்ணியாக் குடுங்க'ன்னுச்சு."