சுத்தமான பெயருக்கு என்ன விலை?

அதிகாலை மாரிக்குப்பம் ரயிலில் ஏறும் தங்கவயல் பையன்களுக்கு பெங்களூரில்தான் பிழைப்பு. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியதிலிருந்து இதே கதை. செக்யூரிட்டி வேலையோ குடோன் வேலையோ, "போலீஸ் வெரிஃபிகேஷன் கொண்டு வாப்பா" என்கிறார்கள். சைபர் சென்டரில் உட்கார்ந்து கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். அரசுக்கு ஒரு கட்டணம், சென்டர்காரருக்கு ஒரு கட்டணம்.

*

அரசுக்குக் கட்டிய பணம் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 266-ஆம் பிரிவுப்படி மாநிலத் தொகுப்பு நிதியில் விழுகிறது. காவல்துறை வரவுக்குக் கணக்குத் தலைப்பு 0055. சட்டமன்றம் ஒதுக்கினால்தான் அதிலிருந்து செலவு. தங்கவயலுக்கென்று தனி எஸ்.பி. இருக்கிறார், தனி உண்டியல் கிடையாது.

*

இப்படிப் பொதுக் கஜானாவில் விழும் பணத்தைப் பற்றிய பழைய வழக்கு ஒன்று: 1954, சிரூர் மடம் வழக்கு. மடங்களிடம் சென்னை அறநிலையத் துறை வசூலித்த தொகை கட்டணமா, வரியா? செய்யும் சேவைக்கென ஒதுக்காமல் பொதுக் கஜானாவில் கலந்துவிட்டதால் வரிதான் என்றது உச்ச நீதிமன்றம். பின்னால் வந்த தீர்ப்புகள் அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டன. எனக்கென்னவோ பழைய தீர்ப்பே நியாயமாகப் படுகிறது.

*

வெரிஃபிகேஷன் கட்டணம், குற்றப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதற்கான காசு. அழிப்பதற்கு? சிறாருக்கு 2015 சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது: மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவை அழிக்க வேண்டும், சில கொடுங்குற்றங்கள் நீங்கலாக. பெரியவர்களின் தண்டனைப் பதிவை அழிக்க இங்கே பொதுவான சட்டமே இல்லை. அதனால் கட்டணமும் இல்லை. வழக்கையே ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் போனால் வக்கீல் பீஸ்தான் ஆளை முழுங்கும்.

*

கனடாவில் வழி இருந்தது, விலையை ஏற்றினார்கள். பதிவை ஒதுக்கிவைக்கக் கேட்கும் மனுவுக்கு 50 டாலர், 2010-ல் 150, 2012-ல் 631. செலவை மனுதாரரே ஏற்கட்டும் என்பது வாதம். வேலை கிடைக்காததால் மனு போடுகிறவனிடம் போய் 631 டாலர்! 2022 ஜனவரியில் மறுபடி 50-க்கே இறக்கினார்கள். சிங்கப்பூரில் சிறு குற்றமென்றால் ஐந்து ஆண்டு ஒழுங்காக இருந்தாலே போதும், பதிவு தானாகக் காலாவதியாகும்.

*

கைரேகை எடுத்துப் பதிவு செய்வதை எதிர்த்து இதே தங்கவயல் தொழிலாளர்கள் 1930-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். குற்றவாளிக்குச் செய்வதை எங்களுக்குச் செய்யாதே என்ற ரோஷம். இன்று 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கைதானவரிடம் போலீஸ் எடுக்கும் ரேகை 75 ஆண்டுகள் டெல்லியில் இருக்கும். முன் தண்டனை இல்லாதவர் விடுதலையானால், நீதிமன்றம் வேறு உத்தரவு போடாதவரை, அதை அழித்தாக வேண்டும்.

*

வழக்கிலிருந்து விடுதலையானவர்களுக்கு ஒரு வார்த்தை: தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வெரிஃபிகேஷனுக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள்.