நிமிர்ந்த பின்

கூன் பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் ஆன கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. சம்பந்தரால் வெப்பு நோய் தணிந்தது. பிறகு கூனும் நிமிர்ந்தது. அந்த அரசர் நெல்வேலியில் போர் வென்றது வரை பேசப்பட்டிருக்கிறது. நிமிர்ந்த முதுகு நாற்பது வருஷம் கழித்து எப்படி இருந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அற்புதங்களை நிகழ்ந்த இடத்திலேயே முடித்துவிடுவது வழக்கம். ஆபரேஷன்களையும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள்.

எனக்கு ஆபரேஷன் நடந்தது 1983இல், பதினாலு வயதில். ஒரு தோள் உயர்ந்திருப்பதை முதலில் கண்டவர் பள்ளிக்கூடச் சட்டை தைத்த தையல்காரர். வீட்டில் அதற்கு இருந்த ஒரே சொல் கூன். அது சரியான சொல் இல்லை. கூன் முன்பக்கம் வளைவது. ஸ்கோலியோசிஸில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு ஒரு கொடியைப்போலத் திருகிக்கொள்ளவும் செய்கிறது. வளைவின் மேலும் கீழும் அதிகம் சாய்ந்திருக்கிற முள்ளெலும்புகளில் கோடு இழுத்துக் கோணத்தை அளப்பார்கள். 1948இல் ஜான் காப் வகுத்த முறை, இன்றும் அதேதான். என்னுடையது 58 டிகிரி.

டெக்ஸாஸில் ஹூஸ்டன் நகரத்து பால் ஹாரிங்டன் 1950களில், போலியோ வந்து முதுகு வளைந்த குழந்தைகளுக்காக ஒரு எஃகுக் கம்பியை உருவாக்கி, 1962இல் அதைப் பற்றி எழுதினார். வளைவின் இரு கோடியிலும் கொக்கி மாட்டி, ஜாக்கி வைத்துக் காரைத் தூக்குவதுபோல் ஒவ்வொரு பல்லாக நகர்த்தி முதுகை நீட்டுவது. பிறகு இடுப்பெலும்பிலிருந்து சீவி எடுத்த துணுக்குகளைப் பரப்பிவிட்டால் சில மாதங்களில் முள்ளெலும்புகள் சேர்ந்து ஒரே எலும்பாகிவிடுகின்றன. அதன்பின் கம்பிக்கு அநேகமாக வேலை இல்லை. உள்ளேயே இருந்துகொண்டிருக்கும்.

அந்தக் கம்பி நேரானது. மனித முதுகைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடுப்பருகே உள்வாங்கியிருக்க வேண்டும். நேர்க்கம்பியில் இழுத்துக் கட்டியபோது பலருக்கு அந்த உள்வாங்கல் போய்விட்டது. முன்னாலிருந்து எடுத்த எக்ஸ்-ரேயில் வெற்றியாகத் தெரிவது பக்கவாட்டில் எடுத்ததில் வேறொன்றாகத் தெரியும். 1980களில் பிரான்ஸில் கோட்ரெலும் டுபூஸேயும் வளைத்த இரட்டைக் கம்பிகளைக் கொண்டுவந்து இதை ஓரளவு திருத்தினார்கள். என் முதுகு அதற்குச் சற்று முந்தியது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்த வளைவை விட்டிருந்தால் மேலும் வளைந்திருக்கும். ஆனால் நேராக நிற்க நான் முழங்காலைக் கொஞ்சம் மடிக்க வேண்டியிருக்கிறது. ஒட்டிப்போன எலும்புக்குக் கீழே அசையக்கூடிய வட்டுகள் இரண்டுதான் மிச்சம். மேலே பத்துப் பன்னிரண்டு மூட்டுகள் செய்திருக்க வேண்டிய காரியத்தை அவை இரண்டும் நாற்பது வருஷமாகச் செய்துவருகின்றன.

வலியைப் பற்றிக் கேட்கும்போது இப்போது எல்லா டாக்டர்களும் எண்ணாகச் சொல்லச் சொல்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள். ஆறு என்றால் எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த மாதமும் ஆறு என்றால் மாற்றமில்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். போன மாதத்து ஆறும் இந்த மாதத்து ஆறும் வேறு வேறு பிராணிகள் என்பதைச் சொல்ல அந்தக் காகிதத்தில் இடமில்லை. வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் நோயைப் பற்றி எழுதிய கட்டுரையில், தலைவலியை விவரிக்க ஆங்கிலத்தில் சொல் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். ஐம்பது வருஷம் கழித்து, 1975இல், மான்ட்ரீலில் ரானல்ட் மெல்ஸாக் நோயாளிகளின் வலிச் சொற்கள் எழுபத்தெட்டைத் திரட்டி, இருபது வகையாகப் பிரித்து ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். வுல்ஃபுக்கு அது பதிலாகிவிடுமா என்பது தெரியவில்லை. தமிழில் அந்தக் குறை சொல்ல நியாயமே இல்லை. கடுப்பு, குடைச்சல், உளைச்சல், எரிச்சல், குத்தல், பிடிப்பு, உறுத்தல், நோவு. இவற்றில் எதுவும் இன்னொன்றின் இடத்தில் உட்காராது. திருக்குறளில் வலியறிதல் என்றொரு அதிகாரம் உண்டு. அது பலத்தை அறிவதைப் பற்றியது. ஆனாலும் தலைப்பை மட்டும் நான் வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எனக்குத் துலக்கியவர் ஊரூர் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள். கூடையை இறக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எப்படி வலிக்கிறது என்று கேட்டேன். "காத்தால கடுப்பும்மா, சாயந்திரம் கொடைச்சல். கடுப்புன்னா நடந்தா பூடும். கொடைச்சலுக்கு நடக்கக் கூடாது, படுத்தாத்தான்." பிசியோதெரபிக்காரர்கள் எனக்கு ஆறு மாதம் சொல்லிக்கொடுத்ததின் சாரம் அது. இறுகிய தசை அசைவைக் கேட்கிறது. நாள் முழுக்கச் சுமந்த வட்டு சுமை இறங்குவதைக் கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் மாலையில் நடந்து காலையில் படுத்துக் கிடப்பேன்.

பால் பிராண்ட் என்ற டாக்டர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் (சிற்றிதழ் வாசகர்களுக்கு அந்த மலையை வேறொரு பாவையோடுதான் பழக்கம்). 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் கையும் காலும் சிதைவதற்குப் பெரும்பாலும் காரணம் வலி தெரியாமையே என்று கண்டார். வலி தெரியாதவன் சூடான பாத்திரத்தை விடமாட்டான். பின்னாளில் அமெரிக்காவில் கார்வில்லில், அழுத்தத்தை உணரும் கருவிகளைக் கையுறையிலும் காலணியிலும் பொருத்திச் செயற்கை வலி உண்டாக்கப் பார்த்தார். ஒலி போதாமல் மின் அதிர்ச்சி வரை போனது. ஆட்கள் வேலை முடியும் வரை இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு மாட்டிக்கொண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. நிறுத்த முடியாததால்தான் வலிக்கு மதிப்பு என்பது அவர் எட்டிய இடம். எனக்கு இது பாதிதான் பொருந்துகிறது. குடைச்சல் இன்னும் நேர்மையாகத்தான் இருக்கிறது. போதும், படு என்கிறது. இடது காலில் இறங்குகிற எரிச்சல் அப்படியில்லை. உட்கார்ந்தாலும் வரும், நின்றாலும் வரும், தூக்கத்திலும் வரும். வாசலில் யாரும் இல்லாமல் அடித்துக்கொண்டிருக்கிற அழைப்பு மணி. அதற்கான நரம்பு மாத்திரை எரிச்சலைத் தணிக்கிறது, கூடவே சொற்களையும். இந்தக் கட்டுரையில் "உறுத்தல்" என்ற சொல் வர ஒரு பிற்பகல் ஆயிற்று.

மற்றபடி காரியங்கள் சிறியவை. 29சி பஸ்ஸில் பின்சக்கரத்துக்குப் பின்னால் உட்காருவதில்லை. கீழே விழுந்த பேப்பரைக் கதவைப் பிடித்துக்கொண்டு முழங்கால் மடித்து எடுப்பேன். கடற்கரையில் நடக்க ஒரு கணக்கு உண்டு. அலையோரத்து மணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் வேளாங்கண்ணி கோயில் பக்கமிருந்து, 1930இல் பிறரைக் காப்பாற்றப் போய் மூழ்கிய ஷ்மிட்டின் நினைவு மண்டபம் வரை வடக்கே போகும்போது வலது கால் தாழ்ந்திருக்கும். மற்றவர்களுக்கு இடுப்பு வளைந்து கொடுத்துவிடும். என்னுடையது கொடுக்காது. ஆகவே போகிற தூரத்தையே திரும்பியும் நடக்க வேண்டும். பாதியில் ஆட்டோ பிடித்தால் இரவு அதற்கான கூலியைத் தர வேண்டும்.

இப்போது இரண்டாவது ஆபரேஷன் பேச்சு வந்திருக்கிறது. ஒட்டிய எலும்பில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, இழந்த உள்வாங்கலைத் திரும்ப உண்டாக்கி, இடுப்பெலும்பு வரை திருகாணிகளால் பிணைப்பது. பெரிய ஆபரேஷன். மிச்சமிருக்கிற இரண்டு வட்டுகளின் அசைவும் போய்விடும். சர்ஜன் இளைஞர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அவசரமில்லாதவர். நான் எண் சொல்லவில்லை. நான்கு பெயர்களை ஒரு காகிதத்தில் எழ்தி நீட்டி, இவற்றில் எது போகும் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்தார். உறுத்தல், மேல்கொக்கியைக் கழற்றிவிட்டால் போய்விடும். குடைச்சல் குறைய வாய்ப்பு உண்டு. கடுப்பு ஒரு வருஷத்துக்காவது கூடும். எரிச்சலுக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டார்.

"இத நான் வெச்சுக்கலாமாம்மா?" என்று கேட்டார். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைக் கொடுத்தேன். தை பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.