டோக்கன் கை மாறும்போது

செம்பனைக் குலை வெட்டியபின் காத்திருக்காது. 24 மணி நேரத்துக்குள் நீராவியில் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறிவிடும். மலேசியாவின் சுங்கை புரோங் நெல்வயல்களைத் தாண்டி உள்ளே போனால் தோட்டங்கள், அவற்றின் ஆலைகள். அங்குள்ள கண்ட்ரோல் பேனல்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசருக்கு ஒரு பிஎல்சி (கட்டுப்பாட்டுக் கணினி), பாய்லருக்கு ஒன்று. இவை பேசிக்கொள்வது ஊதா நிறக் கேபிளில், 1987இல் ஜெர்மனியில் தொடங்கிய புரோஃபிபஸ் முறையில்.

கேபிள் ஒன்று, பேச வேண்டியவர் பலர். பழைய ஈதர்நெட்டில் இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதினால், ஆளுக்கு ஒரு நேரம் ஒதுங்கி மறுபடி முயல வேண்டும். எப்போது வாய்ப்புக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. புரோஃபிபஸில் டோக்கனை, அதாவது பேசும் உரிமையை, வைத்திருக்கும் மாஸ்டர் (பிஎல்சி போன்றது) மட்டுமே பேச்சைத் தொடங்கும். வால்வு, சென்சார் போன்ற ஸ்லேவ்கள் கேட்டால் பதில் சொல்லும், அவ்வளவுதான். டோக்கன் முறை உள்ள ஒற்றை ரயில் பாதையில் அது கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை எடுக்காத அதே ஒழுங்கு இது. டோக்கன் தாமதமாக வந்து சேர்ந்தால், அந்த மாஸ்டர் அவசரச் செய்தி ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு அடுத்தவருக்குத் தந்துவிட வேண்டும். அதனால்தான் அதிகபட்சக் காத்திருப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட முடிகிறது. வேகத்தைவிட எனக்கு இந்த உறுதிதான் பெரிது.

டோக்கன் மூன்றே பைட்: அடையாளம், பெறுபவர் முகவரி, தருபவர் முகவரி. 1.5 மெகாபிட் வேகத்தில் 22 மைக்ரோ விநாடியில் போய்விடும். ஆனால் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. அனுப்பும்போதே தன் குரல் கம்பியில் சரியாக ஒலிக்கிறதா என்று மாஸ்டர் கேட்டுக்கொள்ளும். பெற்றவர் பேசத் தொடங்கினாரா என்று கவனிக்கும். மௌனம் என்றால் மறுபடியும் கொடுக்கும். மூன்றாம் முறையும் மௌனம் என்றால் அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போகும். டோக்கனே தொலைந்துவிட்டால்? ஒவ்வொரு மாஸ்டரும் தன் முகவரி எண்ணுக்கு ஏற்பக் காத்திருக்கும். சிறிய எண்ணுக்குக் காத்திருப்பு குறைவு, அதுதான் புது டோக்கனை எழுப்பும். முகவரி போடுவதை அலட்சியமாக நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு ஆலையில் கண்ட்ரோல் அறைத் திரையிலிருந்து பாய்லர் மறைந்துவிட்டது. பாய்லரோ ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பாய்லர் பக்கம், கம்பியில் ஓடும் செய்திகளைக் காட்டும் அனலைசரை மாட்டிப் பார்த்தேன்: டோக்கன், பாய்லர் பிஎல்சியின் முகவரியான 5-லிருந்து 5-க்கே போய்க்கொண்டிருந்தது. நடுவில் இருந்த ஒரு கனெக்டரில், கேபிளின் முனையில் மட்டும் போட வேண்டிய டெர்மினேஷன் சுவிட்சை யாரோ ஆன் செய்திருந்தார்கள். ஆன் செய்தால் அதற்கு அப்பால் போகும் கேபிள் துண்டாகிவிடும். தனித்துப்போன பாய்லர் பிஎல்சி, தானே டோக்கன் எழுப்பி, தன் ஸ்லேவ்களை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தது. பிஎல்சியின் பச்சை விளக்கு எரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சுவிட்சை ஆஃப் செய்ததும் டோக்கன், மறுபக்க மாஸ்டரான 2-லிருந்து 5, 5-லிருந்து 2 என்று ஓட ஆரம்பித்தது. அன்றுமுதல் எந்த கனெக்டரில் கை வைத்தாலும், விளக்கைப் பார்த்துவிட்டு நான் கிளம்புவதில்லை. டோக்கன் வரிகளைப் படித்துவிட்டுத்தான் பேனல் கதவை மூடுகிறேன்.